சிங்கராஜ வனத்தில் ஒரு நாள்



பெருநாள் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் வட்டலப்பத்துக்கு ஆயத்தம் தொடங்கிவிடும். முட்டை எத்தனை, தேங்காய் எத்தனை என்று கணக்குப் போடுவீர்கள். "கருப்பட்டி மட்டும் நல்ல கித்துள் கருப்பட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சீனி கலந்ததைத் தலையில் கட்டிவிடுவான்" என்று கடைக்குப் போகிறவரிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்புவீர்கள். என் வீட்டிலும் இதே கதைதான். அந்தக் கித்துள் எந்தக் காட்டோரத்தில் வளர்கிறது, அந்தக் காட்டை யார் காவல் காக்கிறார்கள் என்று நாற்பது வயது வரை நான் யோசித்ததே இல்லை. கிதாபு ஓதிக் கொடுக்கிறவனுக்குக் காட்டில் என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

இவ்வாண்டு ஜனவரி விடுமுறையில் மனைவியையும் இரு பெண் மக்களையும் அழைத்துக்கொண்டு சிங்கராஜ வனத்துக்குப் போய்வந்தேன். நீங்களும் எங்களோடு கூட வாருங்கள்.

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலை வழியாகக் கலவானை போகும் பாதை அது. வழியில் வயல்களுக்கு நடுவே ஓலைக் கூரை போட்ட மாணிக்கக் குழிகள். அவற்றைத் தாண்டினால் இறப்பர், பிறகு தேயிலை. நுவரெலியாவில் பார்ப்பது போல மலை முழுக்க ஒரே கம்பளமாக விரிந்த தேயிலை இங்கே குறைவு. பெரிய தோட்டங்களுக்கு இடையிடையே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று கிராமத்தவரின் சிறு தேயிலைத் துண்டுகள் வீட்டு வாசல் வரை வந்து நிற்கின்றன. லயன்களுக்குப் பின்னால் இறப்பர் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள். தலையில் சுள்ளிக் கட்டோடு இரண்டு பெண்கள் பாதையோரமாக ஒதுங்கி எங்கள் வேனுக்கு வழிவிட்டார்கள்.

அந்தச் சுள்ளிக் கட்டைப் பார்த்ததும் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. என் வாப்பா ஒரு தோட்டத்துச் சந்தியில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். லயத்துப் பெண்கள் விறகு கொண்டுவந்து கொடுத்துவிட்டு உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் வாங்கிப் போவார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருத்தி வெறுங்கையோடு வந்து கடைத் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். பச்சை மரம் வெட்டியதாகச் சொல்லிக் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் அவளுடைய கத்தியைப் பறித்துக்கொண்டாராம். அபராதமும் கட்ட வேண்டுமாம். அவர் தோட்டத்து ஆளா, அரசாங்கத்து ஆளா என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. உம்மா உள்ளே போய் அரிசிப் பெட்டிக்குள் கைவிட்டுக் கொஞ்சம் காசு எடுத்து வந்து கொடுத்தார். அன்றிலிருந்து காட்டைக் காக்கிறவர் என்றால் ஏழை வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறவர் என்றே என் மனதில் பதிந்துவிட்டது.

அந்த அரிசிப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஒரு பழைய தேயிலைப் பெட்டி. ஒட்டுப்பலகையில் செய்து, ஓரங்களில் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. இப்போது தேயிலை கடதாசிச் சாக்குகளில் கப்பலேறுகிறது. அக்காலத்தில் இந்தப் பெட்டிகளில்தான் போயிற்று. அரிசி வைக்க, உடுப்பு வைக்க, பிள்ளையை உட்கார வைக்க என்று அந்தப் பெட்டி இல்லாத வீடு நம் பக்கத்தில் இருக்கவில்லை. உங்கள் உம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கலவானையைக் கடந்து வெத்தாகல. அங்கிருந்து பாதை குறுகி குடாவைக்கு ஏறுகிறது. காட்டின் வடமேற்கு வாசல் அது. வனப் பரிபாலனத் திணைக்களத்தின் காரியாலயத்தில் சீட்டு எடுத்தோம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை. எங்களோடு வந்தவர் அந்தக் கிராமத்து இளைஞர். மகள்மாரின் காலுறைகளைப் பார்த்து, "இது போதாது, அட்டைகள் ஏறும்" என்று சவர்க்காரத்தைக் கரைத்துத் தடவச் சொன்னார்.

அட்டை என்றதும் எனக்கு இப்னு பதூதா ஞாபகம் வந்தார். 1344இல் பாவா ஆதம் மலைக்கு ஏறுவதற்காக அவர் இதே சப்ரகமுவப் பக்கத்து மழைக்காடுகளின் ஊடே நடந்தார். மரங்களிலும் நீரோரப் புற்களிலும் இருந்து பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் அட்டைகளைப் பற்றியும், ஊரவர்கள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து அதன் மேல் பிழிந்து விழுத்துவதைப் பற்றியும் தம் பயணநூலில் எழுதி வைத்திருக்கிறார். மாணவர்களுக்கு அந்தப் பகுதியை வாசித்துக் காட்டும்போதெல்லாம் மிகைப்படுத்திச் சொல்லியிருக்கிறாரோ என்று எண்ணுவேன். பத்து நிமிடம் நடந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. என் மனைவி கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்தாள். யாரும் சொல்லிக் கொண்டுவந்ததல்ல, சோற்றுக்காகக் கொண்டுவந்தது!

சிங்கராஜ வனம் கிழக்கு மேற்காகச் சுமார் 21 கிலோ மீற்றர் நீண்டு, இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. 1875இலேயே அரசாங்கம் இதை ஒதுக்குக் காடாக அறிவித்தது. இந்நாட்டில் காட்டுச் சட்டம் வந்தது 1885இல். வனத் திணைக்களம் அமைந்தது 1887இல். வடபக்கத்து ஓடைகள் களு கங்கைக்கும் தென்பக்கத்து ஓடைகள் கிங் கங்கைக்கும் போய்ச் சேருகின்றன. வருடத்துக்கு 3500 முதல் 5000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. இங்குள்ள மரங்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டவை உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை.

நாங்கள் நடந்த பாதை காட்டுப் பாதைக்குப் பொருந்தாமல் அகலமாக இருந்தது. ஏன் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "இது மரம் இழுத்த பாதை. என் அப்பா இதில் வேலை செய்தார்" என்றார்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் கொஸ்கமவில் அமைந்த அரச ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காகச் சிங்கராஜவின் மேற்குப் பகுதியில் இயந்திரம் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினார்கள். வெட்டும் மரங்களைத் தேர்ந்தெடுத்துத்தான் வெட்டினார்கள். ஆனால் ஒரு பெரிய மரம் சாயும்போது பத்து மரங்களை முறித்துக்கொண்டு சாய்கிறது. இழுத்துச் செல்லும் யந்திரம் இன்னும் பத்தை நசுக்குகிறது. படித்தவர்கள், இயற்கையில் பற்றுள்ளவர்கள் என்று பலரும் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். 1977இல் புதிதாக வந்த அரசு வெட்டை நிறுத்தியது. 1978இல் இக்காடு உயிர்க்கோள ஒதுக்காகவும், 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாகவும் ஆயிற்று. 1990இல் நாட்டின் இயற்கைக் காடுகள் எல்லாவற்றிலும் மரம் வெட்டுவது தடை செய்யப்பட்டது.

வாப்பா உயிரோடிருந்த காலத்தில், சந்தியில் லொறிகள் வரிசையாகப் போனதைச் சொல்வார். ஒரு லொறியில் ஒரே ஒரு அடிமரம்தான் இருக்குமாம். தேநீர் குடிக்க நிறுத்தும் சாரதிமாரால் கடைக்கு நல்ல வியாபாரமாம். வெட்டு நின்றபோது வாப்பாவுக்குக் கவலை. மறைத்து என்ன பயன், எங்கள் வீட்டுச் சோற்றிலும் அந்த மரத்தின் பங்கு இருந்திருக்கிறது.

வேலை போனவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். வழிகாட்டியின் தகப்பன் சிறிது காலம் சும்மா இருந்து, பிறகு தேயிலைத் துண்டு ஒன்று போட்டாராம். பிற்காலத்தில் காட்டுக்கு ஆய்வாளர்கள் வந்தபோது அவர்களுக்கு மரங்களின் பெயர் சொல்லிக் கொடுத்தவர்களும், பொருள் சுமந்தவர்களும் இந்த ஊரவர்களே. தொண்ணூறுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியர் 25 ஹெக்டேர் நிலத்தை அளந்து, சுண்டு விரல் பருமன் உள்ள மரக்கன்று முதல் ஒவ்வொன்றுக்கும் இலக்கத் தகடு கட்டிக் கணக்கெடுத்தார்கள். இரண்டு இலட்சம் மரங்கள் அளவில் வந்தன. கணவனும் மனைவியுமாக வாழ்நாளை ஒரு காட்டுக்குக் கொடுத்தவர்கள் என்று சொன்னதும் என் மூத்த மகள் அவர்களுடைய பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

ஆய்வு நிலையத்தின் திண்ணையில் லுஹர் தொழுதோம். ஓடைத் தண்ணீரில் வுழூச் செய்தபோது கை விறைத்தது. சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் பறவைக் கூட்டம் ஒன்று இரைச்சலோடு வந்து, எங்கள் தலைக்கு மேலே கலகலத்துவிட்டுக் கடந்து போயிற்று. பலவகைப் பறவைகள் ஒன்றுசேர்ந்து இரை தேடும் இந்தக் கூட்டங்களைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சரத் கொட்டகம பல்லாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். அதன் பின்னால் வந்தவர்தான் நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்பும் மனிதர்.

ஐம்பது வயது தாண்டியவர். பச்சை உடுப்பு, முழங்கால் வரை இழுத்துவிட்ட அட்டைக் காலுறை, கையில் ஒரு தடி. பீட் அதிகாரி. ரேஞ்சருக்குக் கீழே, காட்டின் ஒரு துண்டுக்குப் பொறுப்பானவர். நுவரெலியாவில் உள்ள வனவியல் கல்லூரியில் பயிற்சி பெற்றவராம். தேநீர்ச் சாடியை நீட்டினேன். "ஸ்துதி, மௌலவிதுமா" என்று வாங்கிக்கொண்டு அருகில் உட்கார்ந்தார். எங்கள் பேச்சு சிங்களத்தில் நடந்தது.

"மாத்தயா, காட்டைக் காப்பது என்றால் என்ன செய்வீர்கள்? சுற்றிச் சுற்றி நடப்பதா?" என்று என் சின்ன மகள் கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். நடப்பது பாதிதானாம். எல்லைக் கல் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேயிலைத் துண்டு வைத்திருப்பவர் வருடத்துக்கு ஒரு வரிசை என்று காட்டுக்குள் நகருவார், கல்லும் சேர்ந்து நகரும்! வறட்சி மாதங்களில் எல்லையோரத்துப் பைனஸ் காட்டுக்குள் தீ வராமல் தீத்தடை வெட்ட வேண்டும். மரம் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் கேட்டு வருபவர்களின் மரத்தை அளக்க வேண்டும். (நம் வீட்டு வளவில் நிற்கும் பலா மரத்தை வெட்டக்கூட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.) கள்ள மரம் பிடித்தால் அதைச் சுமந்து கொண்டுவர வேண்டும், வழக்குப் பதிய வேண்டும், நீதவான் நீதிமன்றத்தில் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். "பாதி நாள் பாதுகாவலன், பாதி நாள் எழுத்தாளன்" என்றார்.

பைனஸ் என்று சொன்னேன் அல்லவா? எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காட்டின் விளிம்பில், பன்னம் படர்ந்து கிடந்த வெட்டைகளில் அரசாங்கம் வரிசை வரிசையாக நட்ட வெளிநாட்டு மரம் அது. ஊரவர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. நிலம் காய்கிறது, தீப்பிடிக்கிறது என்பார்கள். குணதிலக்க தம்பதியரும் மார்க் அஷ்டனும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சில பைனஸ் வரிசைகளை நீக்கி, இடையே சிங்கராஜவின் சொந்த மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். பைனஸின் நிழல் அந்தக் கன்றுகளுக்குத் தொட்டிலாக அமைந்துவிட்டது. இன்று அங்கே மழைக்காட்டு மரங்கள் உயர்ந்து நிற்கின்றன. திரும்பும் வழியில் அதிகாரி அதைக் காட்டினார். தன் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைக் காட்டுகிற முகம் அவருக்கு.

நான் சிறுவயதுச் சம்பவத்தைச் சொன்னேன். விறகுக்காரியைப் பிடிப்பது என்ன நியாயம் என்றும் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு 2022ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார். கேஸ் சிலிண்டருக்காக நாமெல்லாம் வெறும் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு இரவு பகலாகக் காத்திருந்த காலம். டவுனில் இருந்தவர்கள்கூட அடுப்புக்குத் திரும்பினார்கள். காட்டோரத்தில் கத்திச் சத்தம் கூடிற்று.

"கீழே விழுந்த சுள்ளியைத் தூக்கிக்கொண்டு போகிற பொம்பிளையை நான் பார்ப்பதில்லை. பார்த்தால் எழுத வேண்டும். அதனால் அந்தப் பக்கம் போகும்போது தூரத்திலேயே இருமிக்கொண்டு போவேன்" என்றார்.

பச்சை மரமானால்? "பச்சை மரமானால் எழுதத்தான் வேண்டும். அவள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று இரவில் என் மனைவி கேட்பாள். பதில் இருக்காது."

இப்படி இருமிக்கொண்டு போவது சட்டப் புத்தகத்தில் இருக்காது. ஆனால் அரசாங்கத்துக் காட்டுக்கும் லயத்து அடுப்புக்கும் நடுவே நிற்கிற மனிதர் வேறு என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று எங்கள் கடைத் திண்ணையில் அழுதவளின் கத்தியைப் பறித்தவரும் இரவில் வீட்டுக்குப் போயிருப்பார் அல்லவா என்று முதல் தடவையாகத் தோன்றியது.

இனிச் சொல்லப் போவதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

பைனஸ் வரிசைக்குச் சற்றுத் தள்ளி, கை பருமனுள்ள ஒரு மரம் வெட்டிப் பிளக்கப்பட்டுக் கிடந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்ற மென்மரம். "வல்லப்பட்டை" என்றார் அதிகாரி. முன்பு ஊரவர்கள் அதன் பட்டையை உரித்துக் கயிறாகப் பாவித்தார்கள். வேறு மதிப்பு அதற்கு இருக்கவில்லை. ஆனால் அது அகில் மரத்தின் குடும்பம். அகில் என்றால் நம் அரபு மொழியில் ஊத். மரம் காயப்பட்டு, அந்தக் காயத்தில் பூஞ்சணம் பிடித்தால், தன்னைக் காத்துக்கொள்ள மரம் ஒரு பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிக் கறுத்த துண்டுதான் மணக்கும் ஊத். எல்லா மரத்திலும் அது இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே கள்ளர்கள் கண்டதை எல்லாம் வெட்டிப் பிளந்து பார்க்கிறார்கள். இந்த இன மரங்கள் 2004 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. 2012 அளவில் சுங்கத்தில் மூட்டை மூட்டையாகப் பிடிபடத் தொடங்கியபோதுதான், நம் நாட்டு வல்லப்பட்டையிலும் ஊத் இருப்பது பலருக்குத் தெரியவந்தது.

2013இல் என் தங்கையின் நிகாஹ். நண்பர் ஒருவர் சின்னச் சுருளில் கறுத்த துண்டுகள் சில கொண்டுவந்து தந்தார். "நம் நாட்டுச் சரக்கு. அரபு நாட்டுச் சரக்குக்கு ஒன்றும் குறைந்ததல்ல" என்றார். நெருப்புத் துண்டில் போட்டேன். வீடே மணத்தது. பெண்கள் பகுதியிலிருந்து, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஹலாலான இறைச்சியா என்று கசாப்புக் கடையில் நின்று விசாரிக்கிற நான், இதை விசாரிக்கவில்லை.

அதிகாரி என் தொப்பியைப் பார்த்தார். "மௌலவிதுமா, கோபிக்க வேண்டாம். இதை வாங்குவது உங்கள் ஆட்கள்தானே?" என்றார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் எரித்திருக்கிறேன், மாத்தயா" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. தடியால் அந்தப் பிளந்த மரத்தைப் புரட்டினார். "வாங்குகிறவன் தூரத்து ஆள். வெட்டுகிறவன் என் ஊர்க்காரன். என் மச்சானுடைய மகனை ஒரு தடவை இதற்காகப் பிடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. என் மனைவி மட்டும் போய்விட்டு வந்தாள்" என்றார். அப்புறம் மகள்மாரைக் கூப்பிட்டு, அடிமரத்துக்கு அருகே துளிர்த்திருந்த சின்னக் கன்று ஒன்றைக் காட்டி அதன் இலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

அந்தச் சுருளில் மிஞ்சிய இரண்டு துண்டுகள் இன்னமும் எங்கள் அலுமாரியில் இருக்கின்றன. எரிக்கவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. உங்கள் வீட்டில் யாராவது ஊத் கொண்டுவந்தால், எங்கே வாங்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தோட்டங்களில் நட்டு வளர்த்து எடுக்கும் ஊத்தும் இப்போது உண்டு.

போக விரும்புகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை மழை சற்றுக் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள், பகல் இரண்டு மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. நீண்ட காலுறை, குடை, உலர்ந்த ஒரு சோடி உடுப்பு, எலுமிச்சம்பழம். சோற்றைப் பொலித்தீனில் கட்டாமல் பெட்டியில் கொண்டு போங்கள். வயோதிபர்கள் ஏற்றத்தில் சிரமப்படுவார்கள்.

நாங்கள் வாசலுக்குத் திரும்பும்போது மழை பிடித்துவிட்டது. வழிகாட்டியின் வீடு பக்கத்தில்தான் என்பதால் அங்கே ஒதுங்கினோம். அவருடைய தாயார் வீட்டில் காய்ச்சிய கித்துள் கருப்பட்டி கொண்டுவந்து வைத்தார். என் மனைவி வழக்கம் போல ஒரு துண்டை உடைத்துப் பார்த்து, நாவில் வைத்துப் பார்த்து, பிறகு என்றுமில்லாதபடி ஒரு கேள்வி கேட்டாள். நான்தான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னேன்: இது காட்டுக்குள்ளே சீவியதா, வெளியேயா?

கிழவி வாய்விட்டுச் சிரித்தாள். வளவின் மூலையில், கழி கட்டி ஏணி சாத்தியிருந்த மரத்தைக் கைகாட்டினாள். "இது என் மாமியார் வைத்த மரம். காட்டு மரத்துப் பழமெல்லாம் மரநாய்க்கு" என்றாள். நான்கு கட்டி வாங்கிக்கொண்டோம்.